லத்தினோ ஆய்வியலில் நமக்கு இடமுண்டா?

ஈப்போவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்டம் முடித்து ஓராண்டாகிறது. இப்போது பகுதி நேர விரிவுரையாளர்; மணிக்கணக்கில் சம்பளம். "டாக்டர் பட்டமும் வாங்கியாச்சு, இன்னும் ஏம்மா நிரந்தர வேலை இல்லை?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று லத்தினோ ஆய்வியலில் ஈராண்டு போஸ்ட்டாக் பணிக்கு ஆள் தேடுகிறது. குடிபெயர்வு, உழைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆய்வு செய்வோரும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. "ஸ்பானிய மொழி தெரியாத எனக்கு அங்கே என்ன சார் வேலை?" என்று கேட்கிறார்.

வேலை இருக்கலாம். ஆனால் அந்தத் துறை எதற்காகப் பிறந்தது என்று தெரியாமல் விண்ணப்பித்தால் கிடைக்காது.

லத்தின் அமெரிக்க ஆய்வியல் வேறு, லத்தினோ ஆய்வியல் வேறு. பெருவையும் பிரேசிலையும் படிப்பது முன்னது. அமெரிக்காவுக்குள்ளேயே வாழும் மெக்சிகோ, புவெர்ட்டோ ரிக்கோ, கியூபா வம்சாவளியினரைப் படிப்பது பின்னது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 62.1 மில்லியன் பேர், அதாவது ஏறக்குறைய ஐந்து அமெரிக்கரில் ஒருவர். இந்தத் துறையை எந்த நிர்வாகமும் மனமுவந்து தூக்கிக் கொடுக்கவில்லை. 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் மறு ஆண்டு மார்ச் வரை நீடித்தது. அதன் பிறகே அங்கு இன ஆய்வியலுக்கெனத் தனிப் பிரிவு வந்தது. நியூயார்க்கில் புவெர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையம் 1973இல் தோன்றியது. லாஸ் ஏஞ்சலிஸில் 1993இல் மாணவர்கள் 14 நாள் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. ஆகவே நேர்காணலில் உங்கள் ஆய்வு யாருக்குப் பயன்படும் என்று நிச்சயம் கேட்பார்கள். அதை உபசாரக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கேதான் தோட்டப்புற வரலாறு கைகொடுக்கும். 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' என்ற திட்டத்தில் மெக்சிகோ ஆண்கள் அமெரிக்க வயல்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஏறக்குறைய 4.6 மில்லியன். தொடக்க ஆண்டுகளில் சேமிப்பு என்று சொல்லிக் கூலியில் பத்து விழுக்காட்டைப் பிடித்தார்கள்; பலர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை. குட்டைக் கைப்பிடி மண்வெட்டியோடு நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த முதுகுகளின் கதை தனி. அந்த மண்வெட்டியைக் கலிபோர்னியா 1975இல்தான் தடை செய்தது.

இதைப் படிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பால்மரக்காடு நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதினால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். அவர்களுடையது இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். தனி ஆண்களாக வந்தார்கள். நம்மவரைச் சொந்த ஊர்க் கங்காணி அழைத்து வந்தார். பலர் குடும்பத்தோடு லயத்தில் குடியேறினார்கள். குடும்பம் கூட இருந்ததும் இல்லாததும் ஒரு சமூகத்தை எப்படி மாற்றும்? இந்தக் கேள்வியைக் கேட்க ஈப்போக்காரருக்கு உள்ள தகுதி டெக்சஸ்காரருக்கு இல்லை என்பது என் எண்ணம்.

முன்னோடிகளும் உண்டு. கலிபோர்னியாவில் மெக்சிகோப் பெண்களை மணந்த பஞ்சாபி விவசாயிகளைப் பற்றி கேரன் லியோனார்ட் 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். கப்பலிலிருந்து இறங்கி ஹார்லெமில் புவெர்ட்டோ ரிக்கோ, கறுப்பினப் பெண்களோடு குடும்பம் நடத்திய வங்காளிகளைப் பற்றி விவேக் பால்டின் நூல் 2013இல் வந்தது. இரண்டையும் படித்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

மொழி விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் ஸ்பானிய மொழியை வாசிக்கவாவது தெரியாவிட்டால் ஆவணக் காப்பகத்தில் பாதிப் பெட்டிகள் உங்களுக்குப் பூட்டியே கிடக்கும். இன்றே கற்கத் தொடங்கி, தொடங்கியதை விண்ணப்பத்திலும் எழுதுங்கள்.

விளம்பரத்தில் சம்பளத்துக்கு முன் கற்பித்தல் சுமையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்று, இரண்டு பாடமென்றால் முனைவர் ஆய்வேட்டை நூலாக்க நேரம் கிடைக்கும். பருவத்துக்கு மூன்று பாடமென்றால் பெயர் எதுவானாலும் அது விரிவுரையாளர் வேலைதான். இப்போது செய்வதையே குளிரில் செய்வீர்கள். சில உபகாரச் சம்பளங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே என்பதால் அந்த வரியையும் தேடிப் படியுங்கள். மலேசியர்களுக்கு ஃபுல்பிரைட் வழியும் இருக்கிறது. கோலாலம்பூரில் மேசீ அமைப்பிடம் விசாரிக்கலாம்.

பெரும்பாலும் ஜே-1 விசாதான் தருவார்கள். ஆய்வாளர் பிரிவில் அதிகபட்சம் ஐந்தாண்டு தங்கலாம். ஆனால் அதை முடித்துக்கொண்டு திரும்பினால், அதே பிரிவில் மீண்டும் போக இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். அரசாங்கப் பணத்தில் போனால், இரண்டாண்டு தாயகத்தில் இருந்த பிறகே வேறு சில விசாக்களைக் கேட்க முடியும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

விண்ணப்பக் காலம் பொதுவாகச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை; பணி மறு ஆண்டு ஆகஸ்டு வாக்கில் தொடங்கும். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். மூன்றும் உங்கள் துறைப் பேராசிரியர்களிடமிருந்தே வேண்டாம். ஒன்றாவது குடிபெயர்வு ஆய்வு செய்யும் வெளியாளிடமிருந்து வரட்டும். அவருக்கு இந்த வாரமே எழுதுங்கள். தேர்வுத்தாள் திருத்தும் காலம் வந்துவிட்டால் எந்த விரிவுரையாளரும் பதில் போடமாட்டார்.