பொங்கும் நுரையும் போகாத உப்பும்

ஆப்பசோடாவைத் தூவு, மேலே வினிகரை ஊற்று, புஸ்ஸென்று பொங்கும், கறை போய்விடும். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இந்த வீடியோ வராத வாரமில்லை. நாங்கள் போர் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறவர்கள். குழாய் மூக்கு, ஷவர் துளை, கெட்டில் அடி என்று எங்கும் வெள்ளையாக உப்பு ஏறிக் கிடக்கும். நானும் மயங்கினேன். கெட்டிலில் இரண்டு ஸ்பூன் சோடாவைப் போட்டு, அரை டம்ளர் வினிகரை ஊற்றினேன். என்ன பொங்கல்! நுரை அடங்கியதும் நகத்தால் கீறிப் பார்த்தேன். உப்பு இருந்த இடத்தில் இருந்தது.

இருக்காமல் என்ன செய்யும்? அந்தப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க வேண்டியது வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம். நடுவில் சோடாவைக் கொட்டினால் அமிலம் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். பொங்குவது கரியமில வாயு, சோடா பாட்டிலைத் திறந்தால் சீறுகிற அதே சரக்கு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். கணக்கையும் பார்த்துவிடலாம். வினிகரில் அமிலம் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டீஸ்பூன் சோடா, அதாவது ஏறக்குறைய 5 கிராம், 90 மில்லி வினிகரைத் தின்றுவிடும். நான் போட்ட இரண்டு ஸ்பூனுக்கு அரை டம்ளர் எந்த மூலைக்கு?

மறுநாள் சோடா டப்பாவைத் தொடவில்லை. வெறும் வினிகரைக் கெட்டிலில் வெதுவெதுப்பாக்கி ஒரு மணி நேரம் விட்டேன். அடியிலிருந்து கடுகளவு குமிழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. வீடியோ எடுக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் உப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது. 10 கிராம் படிவம் முழுக்கக் கரைய இந்த வினிகர் 300 மில்லியாவது வேண்டும். தடித்த உப்புக்கு இரண்டு மூன்று முறை மாற்றி ஊற்றத்தான் வேண்டும்.

அந்த வீடியோ நம்பிக்கைக்கு ஒரு தங்கையும் உண்டு: “எலுமிச்சைதானே, இயற்கைதானே, எங்கே தேய்த்தால் என்ன?” கடப்பாக்கல் மேடையில் பிழிந்த எலுமிச்சை மூடியை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்துப் பாருங்கள். காலையில் அங்கே வட்டமாக வெளுத்திருக்கும், துடைத்தாலும் போகாது. அது கறையில்லை, கல் அரித்த தடம். கடப்பாக்கல்லும் மார்பிளும் அடிப்படையில் கெட்டில் உப்பின் இனம்தான். மொசைக் தரையில் பதித்திருப்பதும் பெரும்பாலும் மார்பிள் சில்லுதான். புளிப்புக்கு ஆள் தெரியாது. ப்ளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரோ எலுமிச்சையோ ஆசிட்டோ எதுவும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

என் பாட்டி பித்தளைச் செம்பைப் புளியால் தேய்ப்பாள். களிம்பு போனதும் தண்ணீர் விட்டு நன்றாக அலசுவாள். அப்புறம்தான் அடுப்புச் சாம்பலில் கை வைப்பாள்.