லயங்களை எட்டாத அறிக்கைகள்

புது தில்லி: கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் இடமாகவே சூரியநெல்லியைச் சுற்றுலாப் பயணிகள் அறிவர். அங்கிருந்து மூணாறு வரையுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் தமிழர்; வசிப்பது நிர்வாகம் தந்த லயங்களில். பெருநிறுவனங்களின் "நிலைத்த வளர்ச்சி" குறித்துத் தலைநகரில் நடைபெறும் விவாதங்களில் இந்த லயங்களுக்கு இடமுண்டா?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவில் லயங்கள் புதைந்து 70 பேர் பலியாயினர். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். தொலைத்தொடர்பு செயலிழந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே தெரிந்தது.

ஏழு வாரங்கள் முடிவதற்குள், செப்டம்பர் 22, 23-ம் தேதிகளில், தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நாள்கள் அவை. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் மருத்துவ வசதியும் அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியிருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அக்கடமையைக் கைவிடவில்லை. ஆனால் மத்திய, மாநில, ஊராட்சித் திட்டங்கள் மூலமாகவும் அதை நிறைவேற்றலாம் என்கிறது. அரசின் திட்டத்தில் கட்டிய வீடு இடிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இதற்குத் தெளிவில்லை.

செபியின் பொறுப்புடைமை அறிக்கையோ, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்களுக்கே 2022-23 முதல் கட்டாயம். அவற்றுக்குச் சரக்கு வழங்குவோர் பற்றிய தகவலும் 2024 டிசம்பரில் விருப்பத்துக்கு விடப்பட்டுவிட்டது. ஆக, தேயிலைப் பொட்டலத்தை விற்பவர் அறிக்கை தருவார். கொழுந்து வந்த தோட்டத்தின் நிலை அதில் இடம்பெற வேண்டிய கட்டாயமில்லை.

தொழிலாளரே பங்குதாரரானால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதமும் உண்டு. 2005-ல் டாடா டீ மூணாறுத் தோட்டங்களைக் கைமாற்றியபோது உருவான கண்ணன் தேவன் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுடையவை. ஆயினும் 2015 செப்டம்பரில், 20 சதவீத போனஸ் கோரி, அதன் பெண் தொழிலாளர்கள் ஒன்பது நாள் போராட வேண்டியிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகே விடவில்லை. பங்குப் பத்திரம் இருந்தது; நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் இடம் இல்லை.

லயம் கட்டப்பட்ட ஆண்டு எது, அது மலைச்சரிவில் எங்கே நிற்கிறது, ஆய்வாளர் கடைசியாக எப்போது வந்தார் என்ற மூன்று விவரங்களையும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்ய வேண்டும். தோட்டக் குடியிருப்பு விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசுகளிடம் உள்ளது. செபி விதிகள் மத்திய நிதியமைச்சகத்தின் வரம்பில் வருவதால், மக்களவையில் கேள்வி எழுப்ப இடுக்கி உறுப்பினருக்கு மட்டுமல்ல, தமிழகத்தின் 39 பேருக்கும் உரிமையுண்டு.