அம்பத்தூர் சைக்கிளும் த்ரீ நாட் த்ரீயும்

அம்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள்தான். டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டி. அந்த மூன்று எழுத்தின் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் இங்கிலாந்தில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. சைக்கிள் பிறகு வந்தது.

எனக்கு இது தெரிந்தது உத்தியோகத்தில் இருந்தபோதுதான். ஒரு முறை ஆயுத இருப்பைச் சரிபார்க்க அனுப்பினார்கள். ஏட்டு ஒவ்வொரு த்ரீ நாட் த்ரீயாக எடுத்து நம்பரை வாசிப்பார்; நான் ரிஜிஸ்டரில் டிக் அடிப்பேன். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நம்ம சைக்கிள் கம்பெனி சார்" என்று சிரித்தார். போல்ட்டுக்குக் கீழே, கட்டை சேருகிற இரும்புப் பட்டையில் மேலே கிரீடம், கீழே பி.எஸ்.ஏ., அதன் கீழ் ஆண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுத் துப்பாக்கியில் செய்த ஊரான சேந்த் எத்தியேன் பெயரையே பொறித்திருப்பார்கள் என்பார். அதனால் அன்று எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன்.

படிப்பது கஷ்டமில்லை. என்ஃபீல்டு என்றிருந்தால் லண்டனுக்கு அருகே இருந்த அரசுத் தொழிற்சாலை. லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர் என்றால் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் நம் ஊரிலேயே செய்தது. குடியரசான பிறகு கிரீடம் போய்ச் சிங்க முத்திரை வந்தது, ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் வந்தது.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. எல்லைப்புறத்துக் கைபர் பட்டறைகளில் செய்த நகல்களில் விக்டோரியா ராணியின் வி.ஆர். எழுத்தோடு 1901-க்குப் பிந்தைய ஆண்டும் சேர்ந்து நிற்கும். ராணி இறந்ததே 1901 ஜனவரியில்! தேதி இடிக்கிற பத்திரத்தை எந்தக் குமாஸ்தா நம்புவான்? போல்ட் நம்பரும் உடல் நம்பரும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும். கட்டையை வைத்து முடிவு கட்டக் கூடாது. பழுது பார்க்கும்போது மாற்றியிருப்பார்கள்.

என் மனக்குறை இதுதான். எங்கள் ரிஜிஸ்டரில் "303 ரைஃபிள்" என்றும் நம்பரும் தவிர வேறு ஒன்றும் இல்லை. சிலவற்றில் எழுத்துகள் கறுப்புப் பெயின்டில் மூழ்கியிருந்தன. ஒன்றில் இன்ஸ்பெக்ஷனுக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று உப்புத்தாளால் தேய்த்தே விட்டார்கள். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு, துப்பாக்கியின் அடையாளக் குறியை யாரும் அழிக்கக் கூடாது என்கிறது. பொதுஜனத்துக்கு மட்டுமா அந்தச் சட்டம்?

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்துவிட்டது. மற்ற இடங்களிலும் கழிப்பார்கள், உருக்குவார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. பழைய ஆயுதம் கண்டவர் கைக்குப் போவதைவிட அதுவே நல்லது. உருக்குவதற்கு முன் முத்திரை, ஊர், ஆண்டு என்று மூன்று காலம் கூடுதலாக எழுதி, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இஷாப்பூரில் நம் தொழிலாளி செய்ததா, பர்மிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்ததா என்பது அதோடு தெரிந்துவிடும். ஒரு துப்பாக்கிக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா? ஆடிட் ஆட்சேபணைக்குப் பதில் எழுத இதைவிட அதிக நேரம் செலவழித்தவன் நான்.