படமும் பெயரும்

பூவைப் பறித்துக் கைக்கொண்டு மகிழ்வார் ஒரு சாரார். பறியாது கண்டு மகிழ்வார் மற்றொரு சாரார். அரிய செடிகொடிகளைத் தேடிக் காடும் ஓடையும் திரிந்து நிழற்படம் எடுக்கும் அன்பர்கள் இரண்டாஞ் சாராரைச் சேர்ந்தவர்கள். கைப்பேசிதோறும் படக்கருவி அமைந்துவிட்ட இக்காலத்தில் மலையகத்து இளைஞரிடையேயும் இவ்வார்வம் காணப்படுகின்றது. இதனை வீண் பொழுதுபோக்கு என்று இகழ்வாரும் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. செடிக்கு ஊறு செய்யாது அதன் எழிலைத் துய்க்கும் முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் ஒன்று கேட்கின்றோம்: எடுத்த படத்துக்குப் பெயர் என்ன?

பெயரில்லாப் படத்தின் நிலை யாது என்பதற்கு அட்டனுக்கு அண்மையிலேயே சான்று உண்டு. பொகவந்தலாவைத் தூய மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் யூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் துயில்கின்றார். 1815இல் கல்கத்தாவிற் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதிற் படக்கருவியைக் கையில் எடுத்து, உலகப் புகழ் எய்திய அவர், 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாப் பகுதியிற் காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் முதலியோர் படங்களுக்குப் பெயர் உண்டு. இங்கே அவர் எடுத்த எளிய மக்களின் படங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அவையோ ‘களுத்துறைக் குடியானவர்’ என்பது போன்ற பொதுப்பெயரோடு நிற்கின்றன. முகம் உண்டு, ஆள் யார் என்பது இல்லை.

அவ்வம்மையார் களுத்துறையில் வாழ்ந்தபோது, 1877இல், விருந்தினராக வந்தவர் மரியான் நோர்த். உலகத் தாவரங்களைத் தூரிகையால் தீட்டியவர். அவருடைய எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இன்றும் இலண்டன் கியூ பூங்காவில் உள்ளன. சரவாக்கில் அவர் தீட்டிய கெண்டிச் செடியின் ஓவியத்தைக் கண்டோர், ஆளனுப்பி அச்செடியைத் தேடுவித்தனர். தாவர நூலார் அதுவரை அறியாத இனம் அது என்று தெளிந்து, 1881இல் அவர் பெயரையே அதற்கு இட்டனர். நின்ற நிலம் அறியப்பட்டிருந்தமையால் ஒரு படம் அறிவாயிற்று.

தமிழருக்கு மலர்ப்பெயர் புதிதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், தம் கையிலிருந்த ஏடுகளில் அப்பகுதி குறைந்திருந்தமை கண்டு வருந்தி, தருமபுர ஆதீனத்து ஏட்டில் அதனைக் கண்டெடுத்தார். நூல் 1889இல் வெளிவந்தது. எனினும், அம்மலர்களுட் சில எச்செடிக்கு உரியவை என்பதில் அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை. நமக்குப் பெயர் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. இன்றைய இளைஞரிடம் படம் உண்டு, பெயர் இல்லை. இரண்டும் கூடாதவழி அறிவு நிறைவதில்லை.

ஹோர்ட்டன் சமவெளியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரண்டு பூக்கும் நெலு, நம் குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. 2013இல் அது பூத்து மலை நிறைந்தது. உறவுச் செடி அண்டையில் நிற்க, உரைநூலில் மட்டும் குறிஞ்சியைத் தேடுதல் தகுமோ? அதே சமவெளியில் மஞ்சட்பூத் தாங்கி நிற்கும் கோர்ஸ் என்னும் முட்புதர், ஐரோப்பாவிலிருந்து வந்து உள்நாட்டுச் செடிகளை நெருக்குவது. அழகு மட்டும் நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றே. பெயரறிந்தார்க்கு ஒன்று உறவு, மற்றொன்று பகை.

அவ்வளவு ஏன்? தேயிலைக்கும் வெண்ணிற இதழும் பொன்னிறக் கேசரமும் உடைய பூ உண்டு. கொழுந்து கொய்தும் கவ்வாத்து வெட்டியும் வருதலின் அது மிகுதியாகத் தோன்றுவதில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய பயிர் அது. அப்பயிரைச் சார்ந்து வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதன் பூவை நின்று நோக்கியுள்ளனர்?

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். படமெடுக்கும் மாணவனைக் கடியாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், நாள், செடி நின்ற நிலம், அதன் பயன் ஆகிய நான்கையும் எழுதச் செய்யுங்கள். பெயரை முதலில் வீட்டிற் கேட்கட்டும். தேயிலை நிரைகளிடையே வல்லாரை பறித்துக் கறியாக்கும் பாட்டியர் அறிந்தவற்றை எழுதிவைத்தார் மிகச் சிலரே. தமிழ்ப்பெயர் கிடையாதவழிச் சிங்களப் பெயரை எழுதலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. 1861இல் சிங்கோனாப் பயிருக்கெனத் தொடங்கிய ஹக்கலப் பூங்காவின் பெயர்ப்பலகைகளோடு ஒப்பிட்டுத் தாவரவியற் பெயரையும் சேர்க்கலாம்.

நின்ற நிலத்தை எழுதினால் அரிய செடியைப் பெயர்த்து விற்பார் வருவரே எனின், அவ்வச்சம் நியாயமானதே. நிலத்தைக் குறிப்பேட்டில் எழுதுக. ஊரறியப் பரப்பாது விடுக.

படக்கருவியை எப்பொழுதும் வாங்கலாம். பெயரைச் சொல்லத்தக்க பாட்டியோ நெடுங்காலம் இரார். அவரோடு அப்பெயரும் மறையுமாயின், பின்னொருநாள் சாமிநாதையர் போன்ற ஒருவர் தேடி வந்தாலும், கண்டெடுப்பதற்கு ஏடு இராது.