நஷ்டம் யார் கணக்கில்?

சாலை, ரயில், துறைமுகம் எனப் புதுப்பிக்க வேண்டியவை ஏராளம். அரசுக் கஜானா மட்டும் போதாது. தனியார் முதலீடும் தேவை. ஆனால், நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே தெளிவாக எழுதியாக வேண்டும்.

டெல்லி விமான நிலைய மெட்ரோ பாதை இதற்கு நல்ல பாடம். தூண்களையும் பாலத்தையும் அரசு நிறுவனமான டெல்லி மெட்ரோ கட்டியது. தண்டவாளம், ரயில், இயக்கம் ஆகியவை அனில் அம்பானி குழும நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்பந்தம் 30 ஆண்டுகளுக்கு. 2011 பிப்ரவரியில் தொடங்கிய சேவை, பாலத்தின் பேரிங்குகளில் கோளாறு தெரிந்ததால் 2012 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 2013இல் தனியார் நிறுவனம் விலகிக்கொண்டது. இழப்பீட்டு வழக்கோ 2024 ஏப்ரல் வரை உச்ச நீதிமன்றத்தில் நீடித்தது.

இன்று பல நெடுஞ்சாலைத் திட்டங்களில், கட்டும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு தருகிறது. தனியார் திரட்டும் மீதித் தொகையைப் பின்னர் தவணைகளில் திருப்பித் தருகிறது. வாகனங்கள் குறைந்து சுங்க வசூல் சரிந்தால் அந்தச் சுமை அரசைத்தான் சேரும்.

எனவே, இத்தகைய ஒப்பந்தங்களை முழுமையாக வெளியிடுங்கள். கட்டுமானத் தரத்தைச் சுயேச்சையான வல்லுநர்களைக் கொண்டு சோதியுங்கள். வரியும் சுங்கமும் கட்டும் மக்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.