‘வுடு’ என்று யார் யாருக்குச் சொல்வது?

‘விடு’ என்கிற வேரிலிருந்துதான் விடுதலை முளைத்தது. கைவிடுதலும் விட்டுக்கொடுத்தலும் முளைத்தது அதே வேரில்தான். அறம், பொருள், இன்பம் என்று அடுக்கிய பண்டிதர்கள் நாலாவதாக ‘வீடு’ என்றார்கள். பற்றை விட்டால் வீடுபேறாம். பற்றிக்கொள்ள ஒரு பிடி மண் இல்லாதவன் எதை விடுவான்?

எங்கள் ஒரகடம் பக்கத்தில் இதை ‘வுடு’ என்போம். கோயிலுக்குள்ள வுடமாட்டான், கெணத்துல எறங்க வுடமாட்டான். ஏன்னு கேட்டால், ‘வுடு, எதுக்குப் பிரச்சினை?’ என்று நம்மகிட்டயே சொல்லுவான்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் வெள்ளை அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பிற சாதியாருக்கு அதை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. சட்டம் ‘விடாதே’ என்றது. கடனும் மிரட்டலும் ‘வுடு’ என்றன. நிலம் கை மாறியது. காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்ட மக்களைப் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பர் 1இல் நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்களை ‘விருப்ப ஓய்வு’ என்று அனுப்பினார்கள். இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஓய்வில் என்ன விருப்பம்?

பெண் தொழிலாளர்களை அடைத்து வைக்கும் இடத்துக்குப் பெயர் ‘விடுதி’. கெட்டுப்போன சோற்றால் நோயில் விழுந்த தோழிகளுக்காக, 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். சங்கம் கேட்ட சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘வுடுங்கப்பா, கம்பெனி ஓடிப்போயிடும்’ என்ற அறிவுரைக்குக் குறைச்சல் இல்லை. அவர்கள் விடவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

சங்கத் தோழர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ‘சாதியை வுடு, வர்க்கமா நில்லு’ என்று எங்களிடம் சொல்கிறீர்கள். நாங்களா பிடித்து வைத்திருக்கிறோம்? ஒரே லைனில் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன், ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊருக்குப் போகிறான். நான் சேரிக்குப் போகிறேன். பிடித்திருப்பவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

‘விடு’ என்பது ஏவல் வினை. இத்தனை காலம் நம்மை நோக்கி ஏவியது போதும். இனி நாம் ஏவுவோம்: எங்க நெலத்த வுடு. சங்கம் வைக்க வுடு. எங்க பொணத்த ஊர்த் தெரு வழியா எடுத்துக்கினு போக வுடு.