ஏர்கோன் சத்தத்திற்கு மருந்து கேஸ் அல்ல

பள்ளி விடுமுறை முடிந்து ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு கோலாலம்பூருக்குத் திரும்பும் வழியில், என் பத்து வயதுக் காரின் முன்பக்கத்திலிருந்து 'கர்ர்' என்று ஓர் உறுமல் கேட்டது. மறுநாள் வீட்டருகே உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். "கேஸ் குறைஞ்சிருக்கும் அண்ணே" என்றார் அங்கிருந்தவர். பானெட்டைத் திறக்கும் முன்பே சொல்லப்பட்ட தீர்ப்பு அது. கேஸ் அடித்தார்கள், பணம் கொடுத்தேன், சத்தம் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே பட்டறையில், "கம்ப்ரெசர் போச்சு" என்று ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொன்னார்கள்.

மனம் ஒப்பாமல் வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனை மட்டும் அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு கம்ப்ரெசரின் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தார். சொரசொரவென்று சுழன்றது. தேய்ந்து போயிருந்தது புல்லியின் பேரிங், கம்ப்ரெசருக்கு ஒன்றுமில்லை. முதல் பட்டறை சொன்ன விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இதில் மந்திரம் ஏதுமில்லை. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் புல்லி பெல்ட்டோடு சேர்ந்து சுழல்கிறது. ஏர்கோனைப் போடும்போதுதான் மின்காந்தக் கிளட்ச் ஒட்டிக்கொண்டு கம்ப்ரெசரின் உள்பாகங்களைச் சுழற்றுகிறது. ஆகவே, ஏர்கோன் அணைந்திருந்தும் உறுமினால் புல்லி பேரிங்கையோ, அதே பெல்ட்டில் ஓடும் வேறு உருளைகளையோ சந்தேகிக்க வேண்டும். ஏர்கோனைப் போட்டால் மட்டும் உறுமினால் கிளட்ச்சையும் கம்ப்ரெசரையும் பார்க்க வேண்டும். கிளட்ச் இல்லாத சில புதிய கார்களைத் தவிர, மற்றவற்றில் இந்த ஒரு நிமிடச் சோதனையை நாமே செய்யலாம்.

சத்தம் என்பது நோயல்ல, அறிகுறி. எங்கிருந்து, எப்போது, எப்படி வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விசிறியின் வேகத்தைக் கூட்டும்போது டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து வரும் 'படபட' சத்தமும் கூடினால், காற்றாடிக்குள் காய்ந்த இலையோ காகிதமோ சிக்கியிருக்கலாம். மரத்தடியில் கார் நிறுத்துவோருக்கு இது சகஜம். வெப்பநிலையை மாற்றும்போது 'டிக் டிக்' என்று தட்டினால், காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவின் மோட்டாரில் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கக்கூடும். ஏர்கோன் போட்டவுடன் 'கீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம்.

வளைவில் திரும்பும்போது தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறதா? நம் நாட்டின் ஈரக்காற்று கூலிங் காயிலில் பட்டு நீராகிக் கொண்டே இருக்கும். அதை வெளியேற்றும் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கும். கால்விரிப்பு நனையும், பூஞ்சை வாடை வரும். குழாய் அடைப்பை நீக்கினால் போதும். ஏர்கோனை அணைத்ததும் சிறிது நேரம் கேட்கும் 'ஸ்ஸ்' சத்தமோ பெரும்பாலும் கோளாறே அல்ல. குழாய்களில் அழுத்தம் சமமாகும் ஒலி அது.

இவற்றில் எதற்குமே கேஸ் மருந்தல்ல. பெட்ரோலைப் போல ஏர்கோன் கேஸ் எரிந்து தீர்வதில்லை; மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. பல ஆண்டுகளில் சிறிதளவு கசியலாம். ஆனால் சில மாதத்திற்கு ஒருமுறை குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போன்றது. கேஸோடு சேர்ந்தே கம்ப்ரெசரின் எண்ணெயும் சுற்றி வருகிறது. கசிவு நீடித்தால் எண்ணெயும் குறையும். அப்போது நல்ல கம்ப்ரெசரும் சத்தம் போடத் தொடங்கும். அளவுக்கு மீறி அடித்தாலும் அழுத்தம் ஏறி அதே கதிதான். எத்தனை கிராம் கேஸ் தேவை என்பது பெரும்பாலான கார்களில் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய தாளிலேயே இருக்கும்.

காற்றில் கலக்கும் கேஸும் சும்மா போவதில்லை. இங்குள்ள பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்கத்தான் 2016ஆம் ஆண்டில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. நாமே போய் "கேஸ் அடிச்சு விடுங்க" என்று நோயையும் மருந்தையும் சேர்த்துச் சொல்கிறோம். அழுத்தத்தை அளந்து, கசிவைத் தேடி, ஒரு மணி நேரம் செலவிட்டுக் கோளாறைக் கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுக்க முகம் சுளிக்கிறோம். மருத்துவர் பரிசோதித்ததற்குக் கட்டணம் கொடுக்கும் நாம், இங்கே பொருளை மாற்றினால்தான் பணம் கொடுப்போம் என்கிறோம். அப்படியானால் பொருளைத்தானே மாற்றுவார்கள்? பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்கும் பட்டறையை நான் நம்புகிறேன். அதை விருப்பத்தோடு கொடுங்கள். கடைசியில் மிச்சப்படுவது உங்கள் பணம்தான்.

கம்ப்ரெசர் உண்மையிலேயே உள்ளுக்குள் உடைந்திருந்தால் தயங்காமல் மாற்றத்தான் வேண்டும். ஆனால் உலோகத் துகள்கள் குழாயெங்கும் பரவியிருக்கும். குழாய்களைக் கழுவி, ரிசீவர் டிரையரையும் விரிவு வால்வையும் மாற்றாமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் சீக்கிரமே போய்விடும். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரெசரே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு உரிய எண்ணெயும் வேறு. ஆரஞ்சு நிறக் கம்பிகளில் கை வைக்காமல் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

அடுத்த முறை சத்தம் கேட்டால் கைப்பேசியில் அதைப் பதிவு செய்யுங்கள். ஏர்கோன் போட்டபோதா, அணைத்தபோதுமா, கார் நின்றபோதா, ஓடியபோதா என்று குறித்துக்கொண்டு போங்கள். "அழுத்தம் எவ்வளவு காட்டியது, கசிவு எங்கே?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் காரின் சாவியைக் கொடுக்காதீர்கள்.